"யார்கிட்டயாவது மனசு விட்டு பேசு"ன்னு சொல்றோம், பேச வந்தா நமக்கு கேக்க தெரியுதா?

படிக்கட்டு (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்கு தான் மொதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அண்ணன் ஒரு நாள் ராத்திரி வீட்டு படிக்கட்டுல உக்காந்திருந்தான். வேலைக்கு போட்டுட்டு போன அதே சட்டை, செருப்பு கூட கழட்டல, பைய மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு இருந்தான். மணி பதினொன்னு இருக்கும். என்னாச்சுன்னு கேட்டேன். "தூக்கமே வரமாட்டேங்குதுடா"ன்னான். நான் நின்ன எடத்துலயே "ராத்திரில போன் பாக்காத, காலைல கொஞ்சம் நட, தானா சரியாயிடும்"னு சொல்லிட்டு மேல போய் படுத்துட்டேன். எல்லாம் சேத்து ஒரு நிமிஷம் கூட இருக்காது. அடுத்த நாலு மாசத்துல அவன் வேலைய விட்டான், சரியா சாப்பிடல, யார்கிட்டயும் பேசல, கடைசில ஆஸ்பத்திரில சேக்குற அளவுக்கு போயிடுச்சு. டிப்ரஷன்னு சொன்னாங்க. இப்ப ஒன்றரை வருஷமா மருந்து, கவுன்சிலிங் ரெண்டும் எடுத்துக்குறான், நல்லா இருக்கான்.

போன மாசம் சும்மா பேசிட்டு இருக்கும்போது அவனா சொன்னான், "அன்னிக்கு நான் தூக்கத்த பத்தி பேச வரலடா, நீ பக்கத்துல உக்காருவேன்னு பாத்தேன்"னு. கோவமா எல்லாம் சொல்லல, சாதாரணமா தான் சொன்னான். எனக்கு தான் அன்னியிலேர்ந்து அது மனச விட்டு போகவே மாட்டேங்குது.

விஷயம் என்னன்னா எங்க ஆபீஸ்ல மனநலத்துக்குன்னு ஒரு குழு ஆரம்பிச்சிருக்காங்க, நானும் பேர் குடுத்துட்டேன். மொத மீட்டிங்ல முடிவு பண்ணது, செவுத்துல போஸ்டர், அக்டோபர் 10 உலக மனநல நாள்ல ஒரு பேச்சு, வாரத்துக்கு ஒரு யோகா வகுப்பு. அந்த நாள 1992லேர்ந்து அனுசரிக்கிறாங்க, முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்பவும் நாம கஷ்டத்துல இருக்குறவங்கள பாத்து "வாய தொறந்து பேசுங்க"ன்னு தான் சொல்லிட்டு இருக்கோம். எங்க அண்ணன் பேசுனான். கேக்க தெரியாதவன் நான். டாக்டர் இல்லாத, படிப்பு இல்லாத நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க சேந்து நெஜமாவே பலன் குடுக்குற மாதிரி என்ன பண்ணலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நீலவானம்:

தம்பி, மொதல்ல உங்க அண்ணன் நல்லா இருக்காருன்னு படிச்சதும் தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நான் கவுன்சிலரா பல வருஷமா வேலை பாக்குறேன். நீங்க அன்னிக்கு செஞ்சது கெட்ட எண்ணத்துல இல்ல, பத்துல ஒம்போது பேர் அதையே தான் செய்வாங்க, ஏன்னா ஒருத்தர் வலிய சொன்ன உடனே அத நிறுத்தணும்னு நமக்கு ஒரு பதட்டம் வந்துடும், அந்த பதட்டத்துல வர்றது தான் அறிவுரை.

கேக்குறதுன்னா என்னன்னு எனக்கு சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்றேன். மொதல்ல உக்காரணும், அவங்க கண்ணு மட்டத்துக்கு வரணும். "ஏன் இப்படி இருக்க"ன்னு கேக்கவே கூடாது, அது குற்றம் சாட்டுற மாதிரி இருக்கும். "எப்போலேர்ந்து இப்படி இருக்கு, இவ்வளவு நாள் எப்படி சமாளிச்சீங்க"ன்னு கேக்கலாம். அவங்க பேச்ச நிறுத்துனா உடனே நீங்க ஆரம்பிக்காதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, முக்கியமானது பெரும்பாலும் அந்த பத்துக்கு அப்புறம் தான் வரும். அப்புறம் ரொம்ப முக்கியமானது, உயிர விட்டுடலாம்னு தோணுதான்னு சந்தேகம் வந்தா சுத்தி வளைக்காம நேரா கேக்கணும். கேட்டா அந்த எண்ணத்த நாமளே மண்டையில ஏத்துன மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம். ஆராய்ச்சி திரும்ப திரும்ப காட்டுனது அப்படி ஆகாதுன்னு தான், யாராவது கேட்டாங்களேன்னு நெறைய பேருக்கு பாரம் எறங்குது. ஆமான்னு சொன்னா தனியா விட்டுட்டு போகாதீங்க, கூடவே இருந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

படிப்பு இல்லாத சாதாரண ஆளுங்க என்ன பண்ண முடியும்னு கேட்டீங்கல்ல, ஜிம்பாப்வேல நடந்தத சொல்றேன். அந்த நாட்டுல மனநல டாக்டர்கள விரல் விட்டு எண்ணிடலாம். டிக்சன் சிபாண்டான்னு ஒரு டாக்டர், அவர்கிட்ட வர வேண்டிய ஒரு எளம் பொண்ணு பஸ்ஸுக்கு காசு இல்லாம வர முடியாம போய் இறந்துடுச்சு. ஆஸ்பத்திரில உக்காந்து காத்திருந்தா போதாதுன்னு அவருக்கு அப்ப தான் பட்டுருக்கு. 2006ல ஹராரேல கிளினிக்குக்கு வெளியில ஒரு மர பெஞ்ச போட்டு, அந்த பகுதியிலயே இருந்த பாட்டிமாருக்கு பயிற்சி குடுத்து உக்கார வச்சாரு. ஃபிரண்ட்ஷிப் பெஞ்ச்னு பேரு. அங்க டிப்ரஷன்ங்கிற வார்த்தைய யாரும் பயன்படுத்தறதில்ல, அவங்க ஷோனா பாஷைல "குஃபுங்கிசிசா"ன்னு ஒரு சொல் இருக்கு, அளவுக்கு மீறி யோசிக்கிறதுன்னு அர்த்தம், அத தான் சொல்றாங்க. பாட்டி மொதல்ல மனச தொறக்க வைக்கிறாங்க, இருக்குற கஷ்டத்துல ஒன்ன மட்டும் எடுத்து அதுக்கு அவங்க கையால என்ன பண்ண முடியும்னு சேந்து யோசிக்கிறாங்க, அடுத்த வாரம் வந்து என்னாச்சுன்னு சொல்ல சொல்றாங்க. 573 பேர வச்சு பாத்து 2016ல முடிவ வெளியிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு, வழக்கமான கவனிப்பு மட்டும் கெடச்சவங்கள்ல பாதி பேருக்கு டிப்ரஷன் அறிகுறி இருந்துச்சு, பெஞ்சுல உக்காந்தவங்கள்ல 14 சதவீதம் பேருக்கு தான்.

ஒன்னு கவனிங்க, அந்த பாட்டிங்க சும்மா அன்பா இருந்தாங்கன்னு நடந்ததில்ல இது. பயிற்சி இருந்துச்சு, கையில ஒரு கேள்வித்தாள் இருந்துச்சு, தன்னால முடியாத கேஸ மேல அனுப்ப வழி இருந்துச்சு. உங்க குழுவும் அத தான் மொதல்ல யோசிக்கணும்.

---

மூணாவது_மாடி:

வயசுல பெரியவன், மாறுபட்டு ஒன்னு சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப எதுக்கெடுத்தாலும் மனநலம் மனநலம்னு சொல்லி சாதாரண மனுஷ வருத்தத்துக்கு எல்லாம் நோய்னு பேர் வைக்கிறோமோன்னு எனக்கு தோணுது. ஒருத்தர் செத்தா அழுவுறது நோயா? கடன்ல மூழ்கி இருக்குறவனுக்கு தூக்கம் வராது தான், அவன கூட்டிட்டு போய் கவுன்சிலிங் குடுத்தா கடன் போயிடுமா? துக்கம்னா துக்கம், அது கூட இருந்து தான் ஆகணும். எல்லாத்தையும் யார்கிட்டயாவது கொட்டிட்டா தீந்துடும்னு சொல்றத என்னால ஒத்துக்க முடியல.

---

இரவு_ஷிப்ட்:

ஐயா சொன்னதுல அந்த கடன் விஷயம் நூத்துக்கு நூறு சரி. நான் வேலை எடத்த வச்சு பேசுறேன்.

எங்க எடத்துல ஷிப்ட் சார்ட்ட சனிக்கெழம சாயந்தரம் தான் ஒட்டுவாங்க, திங்கக்கெழமலேர்ந்து அது தான். அந்த தாள் முன்னாடி முப்பது பேர் நின்னு எக்கி எக்கி பாப்பாங்க, பாத்துட்டு ஒருத்தரும் ஒன்னும் பேசாம போனை எடுத்துட்டு ஓரமா போவாங்க, வீட்டுக்கு சொல்ல. ராத்திரி ஷிப்ட் முடிச்சு அடுத்த நாள் மதியம் ஷிப்ட், அதுக்கு அடுத்து திரும்ப காலைல, ஒடம்புக்கு எது பகல் எது ராத்திரின்னே தெரியாது. கொழந்தைய டாக்டர்கிட்ட கூட்டிட்டு போக நாள் குறிக்க முடியாது. இப்படி இருக்கும்போது எங்களுக்கும் ஒரு மனநல வகுப்பு வச்சாங்க, மூச்ச இழுத்து விட சொல்லிக் குடுத்தாங்க. நல்ல அம்மா தான் அவங்க, ஆனா எனக்கு அன்னிக்கு அழுகை தான் வந்துச்சு, ஏன்னா என் மூச்சுல ஒன்னும் கோளாறு இல்ல, அந்த தாள்ல தான்.

அப்புறம் யூனியன் பேசி ரெண்டு வாரம் முன்னாடியே சார்ட் போடணும், ராத்திரி ஷிப்ட்டுக்கு அப்புறம் ஒரு நாள் முழுசா விடணும்னு மாத்துனாங்க. சம்பளம் ஒரு ரூபா ஏறல, வேலை கொறையல. ஆனா மூணே மாசத்துல ஆளுங்க மொகமே மாறிடுச்சு, சாப்பாட்டு நேரத்துல சத்தம் வந்துச்சுங்க, அதுக்கு முன்னாடி அந்த ரூம்ல தட்டு சத்தம் மட்டும் தான் கேக்கும்.

இத எழுதலாம்னு தேடி படிச்சப்ப தான் தெரிஞ்சுது, பிரிட்டன்ல அரசு ஊழியர்கள வச்சு வைட்ஹால்னு ஒரு பெரிய ஆய்வு பண்ணிருக்காங்க, மைக்கேல் மார்மட்ங்கிறவர் தலைமைல, 1985ல அதோட ரெண்டாவது கட்டம் ஆரம்பிச்சு பல வருஷம் அதே ஆளுங்கள தொடர்ந்து பாத்தாங்க. தன் வேலைய தான் எப்படி செய்யணும்னு முடிவு பண்ற உரிமை யாருக்கு கம்மியோ அவங்களுக்கு இதய நோயும் ஜாஸ்தி, மன அழுத்தமும் ஜாஸ்தி. டிப்ரஷனாலயும் பதட்ட நோயாலயும் உலகம் முழுக்க வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாள் வீணாகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அதே நிறுவனம் 2022ல வேலை எடத்துக்குன்னு வெளியிட்ட வழிகாட்டில தனி ஆளுக்கு சொல்லிக் குடுக்குறதோட நிக்காம வேலை நடக்குற விதத்தையே மாத்துங்க, மேனேஜருக்கு பயிற்சி குடுங்கன்னு சொல்றாங்க. படிக்கட்டு ப்ரோ, உங்க குழு மொதல்ல உங்க ஆபீஸ்ல அந்த தாள் எதுன்னு கண்டுபுடிங்க. எல்லா எடத்துலயும் ஒரு தாள் இருக்கும்.

---

குட்டிமேகம்:

இரவு ஷிப்ட் அக்கா, "தட்டு சத்தம் மட்டும் தான் கேக்கும்"ன்னு எழுதுனீங்கல்ல, எங்க எடத்துல இப்ப அப்படி தான் இருக்கு. நாளைக்கு இத காட்டி பேச போறேன்.

---

நீலவானம்:

@மூணாவது_மாடி ஐயா, நீங்க சொல்றது தப்பே இல்ல. துக்கம் நோய் கெடையாது, அதுக்கு மருந்து குடுத்து அமுக்க வேண்டியதும் இல்ல, பெரும்பாலானவங்களுக்கு நாளாக நாளாக அது கூட வாழ பழகிடும். ஆனா ஒரு சிலருக்கு அது அப்படியே ஒறஞ்சு நின்னுடுது. ஒரு வருஷம் தாண்டியும் மொத நாள் மாதிரியே தெனம் வலிக்குது, எதுலயும் ஒட்ட முடியல, தன்னோட ஒரு பகுதியே செத்துட்ட மாதிரி இருக்குன்னா அதுக்குன்னு உதவி இருக்கு, 2022லேர்ந்து மனநல டாக்டர்கள் பயன்படுத்துற அமெரிக்க கையேட்டுலயும் அது தனியா சேந்திருக்கு. அழுகைய நோயாக்கறதுக்கு இல்ல, அப்படி ஒறஞ்சு நிக்கிறவங்கள கண்டுக்காம விட்டுடக் கூடாதுன்னு தான். கடன் விஷயத்துல நீங்க சொன்னதுக்கு நானும் கை தட்டுறேன், கடன் ஆலோசனையும் மனநல சேவை தான்னு நான் கிளினிக்ல சண்டையே போட்டிருக்கேன்.

---

மருந்துப்பெட்டி:

இழை நல்லா போகுது, ஆனா ஒரு விஷயம் விடுபட்டு போச்சு, சொல்லாம இருக்க முடியல. எனக்கு பைபோலார், அதாவது மனநிலை ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறும், ஒரு சமயம் அடியோட எறங்கும். பதினோரு வருஷமா அதுக்கு லித்தியம்ங்கிற மாத்திரை எடுக்குறேன், நேரத்துக்கு நேரம் ரத்தம் குடுத்து அளவு பாக்கணும், கிட்னி தைராய்டு பாக்கணும். யாரும் என்கூட உக்காந்து பேசுனதால மட்டும் என் நோய் நிக்கல, மாத்திரையால நின்னுச்சு. அன்பா கேட்டா போதும்னு ஊர் முழுக்க பேச ஆரம்பிச்சா என்ன மாதிரி ஆளுங்கள தான் அது பாதிக்கும், ஏன்னா அடுத்த வார்த்தை "உனக்கு எதுக்கு இவ்வளவு மாத்திரை"ங்கிறது தான்.

என் விஷயத்துல அப்படி தான் ஆச்சு. சொந்தக்காரர் ஒருத்தர், என் மேல உயிரா இருக்குறவர், "நல்லாதானப்பா இருக்க, இனிமே எதுக்கு"ன்னாரு. நானும் நிறுத்துனேன். ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துல நான் பண்ணத சரி பண்ண ரெண்டு வருஷம் ஆச்சு. நல்லா இருக்குறதே மாத்திரையால தான்னு எனக்கும் அப்ப புரியல. டிப்ரஷன் மாத்திரை எடுக்குறவங்களுக்கும் சொல்றேன், அது வேலை செய்ய சில வாரம் ஆகும், மூணாம் நாளே ஒன்னும் தெரியலன்னு விடாதீங்க, நல்லாயிடுச்சுன்னு பட்டுன்னு நிறுத்தவும் செய்யாதீங்க, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தான் கொறைக்கணும். அதே மாதிரி தைராய்டு கம்மியா இருந்தாலும் வைட்டமின் பி12 கம்மியா இருந்தாலும் சோர்வு, மந்தம், எதுலயும் ஆர்வம் இல்லாம போறதுன்னு டிப்ரஷன் மாதிரியே காட்டும், ஒரு ரத்த பரிசோதனை பண்ணிடுறது நல்லது.

இன்னொன்னு. ஒரு விசேஷத்துல ஒரு கைக்கொழந்தைய ஒவ்வொருத்தரா வாங்கி கொஞ்சிட்டு இருந்தாங்க, நானும் கைய நீட்டுனேன், அந்த பொண்ணு ஒரு நொடி கொழந்தைய தன் பக்கம் இழுத்துக்கிட்டா. ஒரே நொடி தான், அப்புறம் குடுத்துட்டா. அந்த நொடிய போஸ்டர் ஒட்டி மாத்த முடியாதுங்க. 2022ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட ஒரு குழு இந்த ஒதுக்குற பழக்கத்த பத்தி இருக்குற ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசி சொன்னதும் அது தான், நோயோட வாழ்றவங்களும் மத்தவங்களும் நேருக்கு நேர் பழகுறது தான் அந்த எண்ணத்த மாத்துறதுல எல்லாத்தையும் விட நல்லா வேலை செய்யுதுன்னு. பெல்ஜியத்துல கீல்னு ஒரு சின்ன ஊரு, பல நூறு வருஷமா அங்க மனநோய் உள்ளவங்கள சாதாரண குடும்பங்க வீட்டுல சேத்து வச்சுக்குறாங்க, இன்னிக்கும் நடக்குது, அங்க வளர்ற கொழந்தைக்கு அது ஒரு அதிசயமே இல்ல. தம்பி, உங்க அக்டோபர் 10 கூட்டத்துல பேச்சாளரா டாக்டர மட்டும் கூப்புடாதீங்க. எங்கள்ல ஒருத்தர மேடைல ஏத்துங்க, பேசி முடிச்சதும் எல்லாரும் அவரோட சேந்து உக்காந்து சாப்புடுங்க.

---

புது_அம்மா:

மருந்துப்பெட்டி அண்ணா, அந்த ஒரு நொடிய படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எங்க பாப்பாவ உங்ககிட்ட குடுப்பேன் அண்ணா.

எனக்கு பிரசவத்துக்கு அப்புறம் வந்துச்சு. மொத ரெண்டு வாரம் அழுகை எல்லாம் நெறைய பேருக்கு வரும், தானா போயிடும், எனக்கு போகல. வர்றவங்க எல்லாரும் நேரா தொட்டிலுக்கு தான் போவாங்க. ஒரே ஒரு நர்ஸ் மட்டும் தடுப்பூசி போட வந்தப்ப பாப்பாவ பாக்குறதுக்கு முன்னாடி என்ன பாத்து "நீ எப்படிம்மா இருக்க"ன்னு கேட்டாங்க. நான் அழ ஆரம்பிச்சு நிறுத்தவே முடியல. அவங்க ஊசி டப்பாவ மூடி வச்சுட்டு உக்காந்தாங்க. அங்கேர்ந்து தான் எனக்கு சிகிச்சையே தொடங்குச்சு. கொழந்த பெத்தவங்கள்ல நூத்துக்கு 13 பேருக்கு இப்படி ஏதாவது வருதுன்னு அவங்க தான் அப்புறம் சொன்னாங்க. அந்த ஒரு கேள்விய தடுப்பூசி அட்டையிலயே ஒரு கட்டமா போட்டுடலாம், யாரும் மறக்க மாட்டாங்க.

---

பழைய_டீச்சர்:

ரிட்டயர்டு ஆசிரியை. மனநல பிரச்சனைல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயும் பாதி 18 வயசுக்குள்ளயும் ஆரம்பிச்சுடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றத படிச்சப்ப எனக்கு திங்கக்கெழம வயித்துவலி தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு பையன் எல்லா திங்கக்கெழமையும் மொத பீரியட்ல வயித்த புடிச்சிக்குவான், நான் ஒரு வருஷம் முழுக்க அவன நடிக்கிறான்னு தான் நெனச்சேன். வலி நெஜம், காரணம் தான் வயித்துல இல்ல. இப்ப நெனச்சாலும் சங்கடமா இருக்கு.

இன்னொரு விஷயம், தற்கொலை செய்திய நாம பேசுற விதம். வியன்னாவுல மெட்ரோல நடந்த சாவுகள பத்திரிகைங்க பெருசா படத்தோட போட்டுட்டு இருந்தாங்க, 1987ல நிபுணர்கள் இப்படி எழுதாதீங்கன்னு வழிமுறை குடுத்து பத்திரிகைகளும் கேட்டுக்கிட்டாங்க, அதுக்கு அப்புறம் அங்க அந்த சாவு வெகுவா கொறஞ்சுது. இலங்கைல ரொம்ப விஷமான பூச்சி மருந்துகள படிப்படியா தடை பண்ணாங்க, 1995க்கு அப்புறம் தற்கொலை விகிதமே பல மடங்கு எறங்குச்சு. ஆபத்தான அந்த சில நிமிஷத்த தாண்டிட்டா பெரும்பாலானவங்க பொழைச்சுக்குறாங்க. நம்ம வாட்ஸாப் குரூப்ல யாரோ போனா உடனே எப்படி, எங்க, போட்டோ இருக்கான்னு கேக்குறோமே, தயவு செஞ்சு அத விடுங்க. அத பாக்குறவங்கள்ல யாரு எந்த நிலைல இருக்காங்கன்னு நமக்கு தெரியாது.

---

நிர்வாகி:

இழைய படிக்கிறவங்கள்ல யாருக்காவது இப்ப அந்த மாதிரி எண்ணம் இருந்தா இங்க எழுதிட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க. உங்க பகுதி அவசர எண்ணுக்கோ தற்கொலை தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே கூப்புடுங்க, பக்கத்துல இருக்குற ஒருத்தர எழுப்பி கூட உக்கார சொல்லுங்க.

---

படிக்கட்டு:

மூணு வாரம் கழிச்சு வரேன். எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து குழுவுல படிச்சேன். எங்க ஆபீஸ்லயும் அக்கா சொன்ன தாள் இருக்கு, ராத்திரி ஒம்போது மணிக்கு மேல மேனேஜர்கிட்டேர்ந்து வர்ற மெசேஜ். பதில் போடணும்னு யாரும் சொல்லல, ஆனா போடாம தூங்க யாருக்கும் தைரியம் இல்ல. அத நிறுத்தணும்னு சொன்னப்ப பெரிய வாக்குவாதம் ஆச்சு, கடைசில ஏழு மணிக்கு மேல அவசரம்னா போன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம்னு ஒத்துக்கிட்டாங்க. போன் பண்ணணும்னா யோசிப்பாங்கல்ல, இது வரைக்கும் ஒரே ஒரு போன் தான் வந்திருக்கு. ஆறு பேர் மனநல முதலுதவி பயிற்சிக்கு பேர் குடுத்திருக்கோம், 2000ல ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்ச அந்த பாடத்திட்டம் தான். அக்டோபர்ல பேச எங்க அண்ணன கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னான், நான் திரும்ப கேக்கல, அவனே வரட்டும்.

நீலவானம் அக்கா, ஒரு சந்தேகம். போன வாரம் ஒருத்தர் என்கிட்ட வந்து பேசுனாரு, முக்கா மணி நேரம் உக்காந்து கேட்டேன், பத்து எண்ணுனேன். அவர் லேசா ஆயிட்டு போனாரு, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இது எப்பவும் இப்படி தானா?

---

நீலவானம்:

ஆரம்பத்துல இப்படி தான் தம்பி. நான் இன்னும் மாசம் ரெண்டு தடவ என் சீனியர்கிட்ட போய் உக்காந்து பேசுறேன், யாருன்னு சொல்லாம என்ன கேட்டேன், எனக்கு என்ன ஆச்சுன்னு. உங்க ஆறு பேரும் வாரத்துல ஒரு மணி நேரம் உங்களுக்குள்ள அதுக்குன்னு ஒதுக்குங்க. அது இல்லாம ஆரம்பிக்காதீங்க, ஆறு மாசத்துல எல்லாரும் ஓஞ்சு போயிடுவீங்க.

---

மூணாவது_மாடி:

எல்லாத்தையும் தெனம் வந்து படிச்சிட்டு தான் இருந்தேன். நீலவானம் அம்மா எழுதுனதுல ஒறஞ்சு நின்னுடுதுன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, அத தாண்டி என்னால போக முடியல. என் வீட்டுக்காரம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. அவங்க கண்ணாடி டிவி மேல வச்ச எடத்துலயே இருக்கு, தெனம் காலைல துடைச்சு அதே எடத்துல வைக்கிறேன். பசங்ககிட்ட நல்லா இருக்கேன்னு தான் சொல்றேன். நேத்து துடைக்கும்போது ஒரு கண்ணாடி கழண்டு கீழ விழுந்துடுச்சு, ஒடையல, ஆனா எடுத்து மாட்ட கை வரல, அப்படியே தரையில உக்காந்துட்டேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. நீளமா எழுதலாமா இங்க?

---

படிக்கட்டு:

உக்காந்துட்டேன் ஐயா. எழுதுங்க.